ஆசிரியரின் செவி: தொலைவிலிருந்து ஆங்கிலம் கற்பித்தல்

ஆங்கிலத்தைத் தொலைவிலிருந்து கற்பிப்பதில் உள்ள தொல்லைகளைப் பட்டியலிடுவது எளிது. இணைப்பு அறுந்துபோகிறது. வீட்டில் இருப்பது ஒரே கைபேசி. அதையும் அப்பா வேலைக்கு எடுத்துப் போய்விடுகிறார். திரையில் நாற்பது கறுப்புக் கட்டங்கள் தெரிகின்றன. எந்தக் கட்டத்துக்குப் பின்னால் யார் விழித்திருக்கிறார்கள் என்று ஆசிரியருக்குத் தெரிவதில்லை. பணமும் கருவிகளும் கிடைத்தால் இவற்றில் பல தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகும் ஒரு கேள்வி மிஞ்சும். கற்பதற்கு ஆசிரியர் உடனிருக்க வேண்டுமா? தத்துவமும் சமயங்களும் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. கணக்கைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ கேட்டால் இதற்கு ஒரு விடை கிடைக்கும். மொழியைப் பற்றிக் கேட்டால் விடை மாறும். மொழி இருவருக்கு இடையே மட்டுமே நடக்கக்கூடியது.

தொலைநிலைக் கல்வி இணையத்தோடு பிறந்ததன்று. இங்கிலாந்தில் 1840-ல், ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் பென்னி தபால் வந்தது. அதே ஆண்டில் ஐசக் பிட்மன் சுருக்கெழுத்தைத் தபால் வழியே கற்பிக்கத் தொடங்கினார். மாணவர் எழுதி அனுப்புவார், திருத்தம் தபாலிலேயே திரும்பி வரும். 1856-ல் பெர்லினில் சார்லஸ் துசேனும் குஸ்தாவ் லாங்கென்ஷைட்டும் பிரெஞ்சு மொழியை இதே முறையில் கற்பிக்க முனைந்தார்கள். மொழி என்று வந்ததுமே பிட்மனுக்கு இல்லாத ஓர் இடர் அவர்களுக்கு வந்தது. காகிதத்தில் ஒலியை எப்படி அனுப்புவது? அதற்கென்றே தனி ஒலிக்குறியீட்டு முறை ஒன்றை அவர்கள் வகுக்க வேண்டியிருந்தது. 1901-ல் லண்டனில் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம் ஒலியையே பதிவுசெய்து விற்றது. 1943-ல் பிபிசி வானொலியில் ஆங்கிலப் பாடம் நடத்தத் தொடங்கியது. இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-ல் நிறுவப்பட்டது.

இந்த நூற்றெண்பது ஆண்டு வரலாற்றில் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஆசிரியரின் குரல் மாணவரைச் சென்றடைவது ஒவ்வொரு கட்டத்திலும் எளிதாகிக்கொண்டே வந்திருக்கிறது. மாணவரின் குரல் ஆசிரியரை வந்தடைவது அந்த வேகத்தில் எளிதாகவில்லை. பிட்மனின் மாணவருக்காவது திருத்தம் திரும்பி வந்தது. இசைத்தட்டும் வானொலியும் அதையும் விட்டுவிட்டன.

ஒலியிலிருந்தே தொடங்கலாம். தமிழ் பேசுபவருக்கு ஆங்கிலத்தில் மிகவும் இடறும் இடங்களில் ஒன்று வகரம். ஆங்கிலத்தில் அந்த இடத்தில் இரண்டு ஒலிகள் உண்டு. திராட்சைக் கொடிக்கான சொல்லும் திராட்சை மதுவுக்கான சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே 'வைன்' ஆகிவிடுகின்றன. குண்டூசியும் குப்பைத்தொட்டியும் 'பின்' என்ற ஒரே வடிவத்தில் அடங்கிவிடுகின்றன. முப்பது நாளில் ஆங்கிலம் என்று தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்டு விற்கும் புத்தகங்கள் இந்த இடத்தில் கைவிட்டுவிடும். ஆனால் ஒலி பிறக்கும் இடத்தை எழுத்தில் விவரிப்பது தமிழுக்குப் புதிதில்லை. தொல்காப்பியத்தின் பிறப்பியல் வகரம் பல்லும் இதழும் இயையப் பிறக்கும் என்கிறது. மேற்பல்லும் கீழிதழும் என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளில் ஒன்றுக்கு அந்த விவரணை அப்படியே பொருந்தும். உகரத்துக்குக் குவிப்பதுபோல் இதழைக் குவித்தால் மற்றது வரும். இந்த விளக்கத்தைத் தபாலிலும் அனுப்பலாம், திரையிலும் காட்டலாம்.

மாணவர் அதைப் படித்துவிட்டு ஒலித்துப் பார்க்கிறார். சரியாக வந்ததா என்று அவருக்கு எப்படித் தெரியும்? தவறாக ஒலிப்பவரின் காது பெரும்பாலும் தவறாகவே கேட்கவும் செய்கிறது; இரண்டு ஒலிகளும் அவருக்கு ஒன்றாகவே படுகின்றன. விளக்கம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் வேறொரு காது வேண்டும். அந்தக் காதுக்கும் கருவி குறுக்கே நிற்கலாம். பழைய தொலைபேசி இணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 300 முதல் 3,400 அதிர்வுகள் வரையிலான ஒலியைத்தான் கடத்தியது. காற்று உரசிப் பிறக்கும் 'ஃப', 'ஸ' போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூறுகள் பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கின்றன. தொலைபேசியில் பெயரின் எழுத்துகளைச் சொல்லும்போது 'எஃப் ஃபார் ஃபாதர்' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம். இன்றைய இணைய அழைப்புகள் இதைவிட அகலமான ஒலியைக் கடத்துகின்றன. சிக்னல் மெலிந்ததும் அதுவும் குறுகிவிடுகிறது.

எழுத்தில் கிடைக்கும் நூலையும் நேரில் ஓதிக்காட்டியே கற்க வேண்டும் என்று சமயங்கள் வற்புறுத்தியதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. வேதம் அச்சாகி நெடுங்காலம் ஆன பின்னும் பாடசாலையில் மாணவர் குருவின் முன் அமர்ந்துதான் அத்தியயனம் செய்கிறார். குர்ஆன் ஓதக் கற்பவர் ஆசிரியர் முன் ஓதிக்காட்டுகிறார். ஆசிரியர் கேட்டுத் திருத்துகிறார். தான் கேட்டு நிறைவடைந்த பிறகே பிறருக்குக் கற்பிக்கும் அனுமதியை அளிக்கிறார். ஆசிரியர் சொன்னதை மாணவர் கேட்டதற்காக அந்த அனுமதி தரப்படுவதில்லை. மாணவர் சொன்னதை ஆசிரியர் கேட்டதற்காகவே தரப்படுகிறது. ஓதலும் உரையாடலும் ஒன்றல்ல என்பது உண்மை. ஆனாலும் ஒலியைக் காப்பதே கடமையாகக் கொண்ட இந்த மரபுகள் ஆசிரியரை முதலில் கேட்பவராக வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

பதிவுசெய்த பாடத்தின் மீதான மிகப் பழைய குற்றச்சாட்டுகளில் ஒன்று பிளேட்டோவின் 'ஃபீட்ரஸ்' உரையாடலில் இருக்கிறது. எழுத்து ஓவியத்தைப் போன்றது என்கிறார் சாக்ரடீஸ். உயிருள்ளதுபோல் தெரியும், கேள்வி கேட்டால் வாய் திறக்காது, எத்தனை முறை அணுகினாலும் சொன்னதையே சொல்லும், யாரிடம் பேச வேண்டும், யாரிடம் பேசாதிருக்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. வீடியோ பாடத்துக்கு இதில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் சொன்னதையே சொல்வதில் நன்மையும் உண்டு என்பதை சாக்ரடீஸ் கருதவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் அதைக் கருதியிருக்கிறது. ஒரு நூலை இரண்டாம் முறை கேட்டால் பிழை குறையும், மூன்றாம் முறை கேட்டால் முறையறிந்து உரைக்க முடியும் என்கிறது அதன் பொதுப்பாயிரம். வகுப்பில் ஒருமுறை கேட்டுப் பிடிபடாத ஆங்கில வாக்கியத்தை வீட்டில் பத்து முறை ஓட்டிக் கேட்கும் மாணவிக்கு, வகுப்பறை தராத ஒன்றைப் பதிவு தருகிறது. கூச்சமில்லாமல் திரும்பக் கேட்கும் உரிமை அது. தொலைநிலைக் கல்வியை எடைபோடுபவர்கள் இதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

ஆகவே கேட்பதற்கான பயிற்சியும் படிப்பதற்கான பயிற்சியும் தொலைவைத் தாங்கும். இலக்கண விளக்கமும் தாங்கும். தாங்காதது எது?

புனித அகஸ்டின் தன் மகன் அடியோடாட்டஸுடன் உரையாடும் வடிவில் எழுதிய 'ஆசிரியரைப் பற்றி' என்ற நூல் இந்தக் கேள்வியை அடிவரை கொண்டுபோகிறது. சொற்களால் எதையும் கற்பிக்க முடியாது என்பது அவர் முடிவு. பொருளை அறியாதவருக்குச் சொல் வெறும் ஓசை. பொருளை ஏற்கெனவே அறிந்தவருக்கு அது நினைவூட்டல். உண்மையில் கற்பிப்பவர் உள்ளே உறையும் ஆசிரியரான கிறிஸ்துவே. வெளியே நிற்பவர் உள்ளே பார்க்கும்படி தூண்டிவிடுகிறார், அவ்வளவுதான். இதை ஏற்றுக்கொண்டால் தொலைவு ஒரு பொருட்டே இல்லை. தூண்டுதல் ஓர் அடி தூரத்திலிருந்தும் வரலாம், ஆயிரம் மைலிலிருந்தும் வரலாம்.

லுட்விக் விட்கென்ஸ்டைன் தன் 'தத்துவ ஆய்வுகள்' நூலை அகஸ்டினை எடுத்துக்காட்டியே தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது வேறொரு நூலில், 'ஒப்புதல்க'ளில், அகஸ்டின் தான் மொழி கற்றதைச் சொல்லும் பகுதி. பொருளைச் சுட்டிப் பெயரைச் சொல்வதே மொழி கற்பித்தல் என்ற அந்தச் சித்திரம் போதாது என்று அவர் கருதினார். சொல்லின் பொருளைப் பெரும்பாலும் அது புழங்கும் விதத்தில்தான் காண முடியும். ஒரு விதியைப் பின்பற்றுவதாக ஒருவர் நினைப்பதும் உண்மையில் பின்பற்றுவதும் வேறுவேறு. தனக்கு மட்டும் தெரிந்த அளவுகோலால் அந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது. இதை எழுதியவர் 1920 முதல் 1926 வரை ஆஸ்திரியக் கிராமங்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிள்ளைகளுக்காக ஒரு சொல்லகராதியையும் தொகுத்தவர்.

'ப்ளீஸ்' என்ற சொல்லின் பொருளைப் பெட்டிக்குள் எழுதிக் காட்டிவிடலாம். அதை எப்போது சொன்னால் பணிவு, எப்போது சொன்னால் எரிச்சல், மேலதிகாரியிடம் விடுப்பு கேட்கும் மின்னஞ்சலில் எங்கே வைப்பது என்பதையெல்லாம் ஒருவரிடம் சொல்லிப் பார்த்து, அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கண்டுதான் அறிய முடிகிறது. தமிழில் நீ, நீங்கள் என்று பிரித்து மரியாதையைச் சொல்லிப் பழகியவருக்கு, எல்லோருக்கும் ஒரே முன்னிலைச் சொல்லை வைத்திருக்கும் மொழியில் மரியாதை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. அது வினையின் வடிவத்திலும் குரலின் ஏற்ற இறக்கத்திலும் சுற்றி வளைத்துக் கேட்பதிலும் இருக்கிறது. பாடத்திட்டத்தில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம். பழக்கம் வருவது ஆள் முன்னால்தான்.

ஏகலைவன் கதையை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. துரோணர் மறுத்த பிறகு அவர் உருவத்தை மண்ணில் சமைத்து, அதன் முன் பயின்று, அருச்சுனனே அஞ்சும் வில்லாளியானவன் அவன். தொலைநிலைக் கல்வியைப் போற்றுபவர்கள் அவனை முதல் மாணவனாகக் காட்டுவதுண்டு. அந்தக் கதை உண்மையில் சொல்வது சற்று வேறு. வில்வித்தையில் தீர்ப்பைச் சொல்வது இலக்கு. அம்பு பட்டதா விலகியதா என்று மரம் காட்டிவிடும். குரு மண்ணாக இருந்தாலும் பரவாயில்லை. பேச்சுக்கு இலக்கு எதிரே இருக்கும் இன்னொரு மனம். மண் துரோணர் முன் ஆயிரம் ஆங்கில வாக்கியங்களைச் சொன்னாலும் ஒன்றாவது போய்த் தைத்ததா என்று தெரியாது. ஏகலைவனால் தனியே வில் கற்க முடிந்தது. தனியே அவனால் ஒரு மொழியைப் பேசக் கற்றிருக்க முடியாது.

இதற்கு எதிராக ஒரு வலுவான சான்று உண்டு. 1818-ல் லூவேன் நகரில் பிரெஞ்சுக்காரரான ஜோசப் ஜாகோதோ பாடம் நடத்த நேர்ந்தது. மாணவர்களில் பலருக்குப் பிரெஞ்சு தெரியாது. அவருக்கு ஃபிளெமிஷ் தெரியாது. ஃபெனெலோனின் 'தெலெமாக்' நாவலின் இருமொழிப் பதிப்பு ஒன்றைக் கொடுத்து, மொழிபெயர்ப்பின் துணையோடு மூலத்தைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பிறகு அதைப் பற்றிப் பிரெஞ்சிலேயே எழுதச் சொன்னார். அவர்கள் எழுதியதன் தரம் அவரை வியக்க வைத்தது. அவர் எதையும் விளக்கியிருக்கவில்லை. ஆகவே விளக்குவது ஆசிரியரின் வேலையே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். ழாக் ரான்சியேர் 1987-ல் வெளியிட்ட 'அறியாத பள்ளி ஆசிரியர்' நூல் இந்த நிகழ்ச்சியைச் சுற்றியே எழுதப்பட்டது.

ஜாகோதோவின் சோதனை மொழியைப் பற்றியது என்பதால் இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர் செய்யாததோடு செய்ததையும் பார்க்க வேண்டும். எழுதச் சொன்னார், எழுதியதைப் படித்தார். யாரோ ஒருவர் படிக்கப்போகிறார் என்று மாணவர்களுக்குத் தெரியும். விளக்கத்தை எடுத்துவிட்டபோதும் கற்றல் நிலைத்தது. எதிர்பார்ப்பையும் கவனத்தையும் எடுத்திருந்தால் நிலைத்திருக்காது. இன்றைய பெரும்பாலான இணைய ஆங்கிலப் பாடங்கள் இதற்கு நேர் எதிராக அமைந்திருக்கின்றன. விளக்கம் வண்டி வண்டியாக இருக்கிறது. மாணவர் எழுதியதை ஓர் ஆள் படிப்பது அரிதாக இருக்கிறது.

நன்னூல் இன்னொன்றையும் சொல்கிறது. இந்தச் சிக்கலுக்கு அது சொல்வதைப்போல் நெருக்கமாக வேறெதுவும் சொல்லவில்லை. ஆசான் சொல்வதை மாணவன் பழுதில்லாமல் வாங்கிக்கொண்டாலும் அவனுக்குக் கிடைப்பது கல்வியில் காற்பங்குதான். உடன் பயில்வோரோடு பழகும்போது இன்னொரு கால் கிடைக்கிறது. மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போது வந்து சேர்கிறது. இந்தக் கணக்கை வைத்து ஓர் ஆங்கில வீடியோ பாடத்தை அளந்தால், அது மிகச் சிறப்பாக அமைந்தாலும் காற்பங்கோடு நின்றுவிடும். ஒத்த நிலையில் இருப்பவரோடு தடுமாறிப் பேசிப் பார்ப்பதும், தெரிந்ததைத் தன் வாயால் இன்னொருவருக்குச் சொல்வதும் விடுபட்ட முக்கால் பங்கு. வகுப்பறையில் இவை யாரும் திட்டமிடாமலே நடந்துவிடும், பக்கத்து பெஞ்சில் நடக்கும், மணி அடித்த பிறகு நடக்கும். தொலைவில் திட்டமிட்டால் ஒழிய நடப்பதில்லை.

மைக்கேல் மூர் என்ற கல்வியியலாளர் தொலைவு என்பது மைல் கணக்கு அல்ல என்று வாதிட்டிருக்கிறார். உரையாடல் குறையக் குறைய ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலான தூரம் கூடுகிறது. அப்படிப் பார்த்தால் நூறு பேர் நிறைந்த கல்லூரி வகுப்பில் கடைசி பெஞ்சில் இருப்பவர், ஆசிரியரோடு வாரம் இருமுறை கடிதம் எழுதிக்கொள்ளும் மாணவரைவிடத் தொலைவில் இருக்கிறார். வகுப்பறை என்ற ஒன்று இருந்துவிட்டாலே அண்மை வந்துவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆங்கில ஆசிரியர் பாடத்தைத் தமிழில் விளக்கி, வினாவிடையை எழுதிப்போட்டுவிட்டு, ஒரு மாணவரையும் ஒரு வாக்கியம் பேசவைக்காமல் ஆண்டை முடிக்கும் வகுப்பறைகள் பல உண்டு.

இருந்தும் உடல் சார்ந்த இழப்பு ஒன்று தொலைவுக்கே உரியது. ஹியூபர்ட் டிரைஃபஸ் 2001-ல் வெளிவந்த 'இணையம் குறித்து' என்ற நூலில், திறமையின் மேல்நிலைகளுக்கு ஏற வேண்டுமானால் தவறு செய்யும் ஆபத்தை உடலோடு உணர வேண்டும் என்று வாதிட்டார். கேமராவை அணைத்து மைக்கை மூடிவிட்டு உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு அந்த ஆபத்து இல்லை. மொழி கற்பவருக்கு அந்த ஆபத்தின் பெயர் கூச்சம். இதில் நம் ஊர் வீடுகளின் நிலைமையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே அறையில் அண்ணனும் பாட்டியும் கேட்டுக்கொண்டிருக்க, ஒரு பெண் அரைகுறை ஆங்கிலத்தில் பேசிப் பழக வேண்டியிருக்கிறது. வகுப்பில் எல்லோரும் தடுமாறுவதால் தடுமாற்றம் பொதுவாகிறது. வீட்டில் அவள் ஒருத்தியே தடுமாறுகிறாள். ஆகவே வாயைத் திறப்பதில்லை.

நேரமும் ஒரு பொருட்டு. உரையாடலில் ஒருவர் முடித்ததற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவே இடைவெளி இருப்பதாகப் பத்து மொழிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இணைய அழைப்பின் தாமதமே அந்த அளவை எட்டிவிடலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி இருவரும் நிறுத்துகிறார்கள். தாய்மொழியில் இதைச் சமாளித்துவிடலாம். வாக்கியத்தை மனத்தில் கோத்துக்கொண்டு இடம் பார்த்து நுழையக் காத்திருக்கும் புது மொழிக்காரருக்கு அந்த இடம் கிடைக்காமலே போகிறது.

இப்போது இயந்திரமும் கேட்கத் தொடங்கிவிட்டது. மாணவர் பேசினால் உச்சரிப்புக்கு மதிப்பெண் போடும் செயலிகள் வந்துவிட்டன. பதில் பேசும் மென்பொருள்களும் வந்துவிட்டன. கூச்சம் உள்ளவருக்கு இவை உண்மையான உதவி. யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் வாய் திறக்கிறது. ஆனால் இயந்திரம் எந்தக் குரல்களைக் கேட்டுப் பழகியதோ அந்தக் குரல்களையே சரி என்று கொள்ள முனைகிறது. உலகம் எங்கும் தடையின்றிப் புரிந்துகொள்ளப்படும் ஒரு மதுரைக்காரரின் ஆங்கிலத்தை அது தவறு என்று குறிக்கலாம். அதைவிட ஆழமான குறை வேறு. ஒருவர் சொல்வதை இன்னொருவர் புரிந்துகொள்ள விரும்புவதே உரையாடலைத் தாங்கும் தூண். புரியாவிட்டால் அவருக்கு ஏதோ ஒன்று நட்டமாக வேண்டும். இயந்திரத்துக்கு அப்படி எதுவும் நட்டமாவதில்லை.

ஏகலைவன் கதைக்குத் திரும்பினால், அதில் அறம் சார்ந்த கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. அவன் தொலைவிலிருந்து கற்றது தன் விருப்பத்தால் அன்று. அண்மை அவனுக்கு மறுக்கப்பட்டது, பிறப்பைக் காரணம் காட்டி. இன்றும் தொலைநிலைக் கல்வியில் சேர்பவர்களில் பலர் வேறு வழி இல்லாதவர்கள்: பகலில் வேலைக்குப் போகிறவர்கள், திருமணத்தால் படிப்பு நின்ற பெண்கள், கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக முடியாதவர்கள். நெல்சன் மண்டேலா சிறையிலிருந்துகொண்டே அஞ்சல்வழியில் சட்டம் படித்தார். தொலைநிலைக் கல்வி இல்லாவிட்டால் இத்தகையவர்களுக்குக் கல்வியே இல்லை. அதனாலேயே அதன் குறைகளை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. பேச்சு ஆங்கிலத்தை வைத்து வேலையும் மரியாதையும் அளக்கப்படும் நாட்டில், ஏற்கெனவே தள்ளி வைக்கப்பட்டவர்களுக்குக் காற்பங்குக் கல்வியைக் கொடுத்து முழுச் சான்றிதழ் வழங்குவது அநீதி. சான்றிதழோடு நேர்காணலுக்குப் போய் வாய் திறக்க முடியாமல் நிற்கும்போது, தவறு தன்னுடையது என்று அவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி வழியே பாடங்கள் வீடுகளுக்குச் சென்றன. ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்று திறக்கப்பட்டன. அதற்குச் சில நாள் முன்பு, அக்டோபர் 27 அன்று, மரக்காணத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கப்பட்டது. விடுபட்ட கல்வியை ஈடுசெய்ய அந்தத் திட்டம் தேர்ந்த வழி, மாலை வேளையில் அந்தந்தத் தெருவிலேயே சிறு குழுவாகப் பிள்ளைகளைச் சேர்த்து, அவர்களோடு ஒரு தன்னார்வலரை உட்காரவைப்பது. பாடத்தைக் கொண்டுசேர்க்கத் தொலைக்காட்சி இருந்தது. பிள்ளைகள் படிப்பதைக் கேட்க ஆள் தேவைப்பட்டது.

தொலைவிலிருந்து ஆங்கிலம் கற்பிக்கும் எந்த ஏற்பாட்டையும் இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை மணிநேர வீடியோ இருக்கிறது, எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்ற எண்கள் ஆசிரியரின் குரலின் எண்கள். அவர் செவியைப் பற்றிய கேள்விகள் வேறு: ஒரு மாணவர் வாரத்தில் எத்தனை நிமிடம் பேசினார், அதைக் கேட்டவர் யார், திருத்தம் எத்தனை நாளில் திரும்பி வந்தது, சக மாணவர் ஒருவரோடாவது அவர் அந்த மொழியில் பேசினாரா? பாடத்தில் சேரும் ஒவ்வொருவரும் கட்டணம் கட்டும் முன் இந்த நான்கையும் கேட்கட்டும்.